இரண்டு ஸ்பூன் டின் பால்

டிசம்பர் 29, சனி

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கும் டைரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலே ஏறுவதற்கு முன் பேஸ் கேம்ப்பில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்றார். எழுத்து கோணிக்கொண்டு போனால் மூளைக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தமாம். உடனே கீழே இறங்கிவிட வேண்டுமாம். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "ஏகாம்பரம், நீ இப்போதே இறங்க வேண்டியவன்தான்" என்று சிரித்தார்.

போஸ்ட்டின் பெயரை எழுதக்கூடாது. எழுதினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு பனிக்கூரைக் குடிசை, ஒரு ரேடியோ, ஸ்டவ், ஆறு பேர். நான் ஹவில்தார், ஆகவே திட்டுவது என் வேலை. சமையல் முனிரத்தினம், கிருஷ்ணகிரிக்காரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். ரேடியோ சகாயராஜ், வள்ளியூர். பிஜுவுக்குப் பாலக்காடு. மற்ற இருவர் ஆந்திராக்காரர்கள், எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போவார்கள்.

பனியை உருக்கித்தான் தண்ணீர். ஒரு டிரம் பனி போட்டால் ஒரு குடம் தேறுகிறது.

டிசம்பர் 30, ஞாயிறு

ஞாயிறு போன் நாள். சாட்டிலைட் போனில் ஆளுக்கு ஐந்து நிமிடம்.

என் மனைவி கலைவாணிக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருப்பதால் பிள்ளைகளின் பிறந்தநாளை வைத்தே அப்பன் எந்த மாதம் லீவில் வந்தான் என்று சொல்லிவிடலாம். எங்களை மட்டும் எந்த லீவை வைத்தும் கேலி செய்ய முடியாமல் இருந்தது. போன மே மாதம் அந்தக் குறையும் தீர்ந்தது.

"பேரு யோசிச்சு வெச்சிருக்கேன்" என்றேன்.

"சொல்லிடாதீங்க. வந்து பாப்பா காதுல மூணு வாட்டி சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நான்கூட கேக்கக்கூடாது."

"பொண்ணா இருந்தாத்தான் அந்தப் பேரு. பையனா இருந்தா நீயே எதுனா வெச்சிக்கோ."

"பொண்ணுதான்" என்றாள், டாக்டர் மாதிரி.

ஜனவரி 9

பிஜுவின் அப்பா இறந்துவிட்டார். பேஸிலிருந்து சுபேதார் ராமையா ரேடியோவில் என்னிடம் மட்டும் சொன்னார். சாமான் ஏற்றி வரும் அடுத்த பார்ட்டி மேலே வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அதுவரை பிஜுவுக்குத் தெரியக்கூடாது.

மேலே இருப்பவனுக்கு நல்ல சேதி மட்டும்தான். இது என்னுடைய சட்டம். எங்கள் ஊரில் பட்டாளத்து வீட்டுப் பெண்களைக் கோயில் மண்டபத்தில் கூட்டி, லீவுக்குப் போகும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன். நான் சிப்பாயாக இருந்தபோது ஒருவன் போனில் அண்ணன் செத்த சேதி கேட்டான். போனை வைத்துவிட்டு, பனிப் பிளவில் விழாமல் இருக்க இடுப்பில் கட்டும் கயிறு இல்லாமல் வெளியே நடந்தான். அவனைத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன். "அழறதா இருந்தா எங்க கிட்ட போன் பண்ணி அழுங்க, அவன் கிட்ட வேணாம்" என்பேன். கலை முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

இங்கே செய்யவேண்டியதை மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டேன். அவனைத் தனியாகக் காவலுக்கு விடக்கூடாது. கயிற்றில் அவனுக்குப் பின்னால் ஒருவன் எப்போதும் இருக்க வேண்டும். ராத்திரியில் துடைத்துத் தருகிறோம் என்று ரைபிளை வாங்கிக்கொள்ள வேண்டும். டீயில் அவனுக்கு டின் பால் இரண்டு ஸ்பூன். இந்தக் கடைசி விஷயம் எதற்கு என்று ஆந்திராக்காரர்கள் கேட்டார்கள். வேறு என்னடா செய்ய முடியும் இங்கே, என்றேன்.

ஜனவரி 13, ஞாயிறு

பிஜு வீட்டுக்குப் பேசினான். அவன் தங்கை போனை எடுத்து, அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்றாளாம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். நான் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தேன், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கலைக்குக் கால் வீங்கியிருக்கிறது. அவள் அண்ணன் தனசேகர் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டாராம். வளைகாப்புக்கு நான் இல்லாததால் வளையல்காரரிடம் என் பங்குக்கும் சேர்த்துப் போடச் சொன்னாளாம். போனில் கையை ஆட்டிக் காட்டினாள். சத்தம் நன்றாகக் கேட்டது.

ஜனவரி 20

பார்ட்டி வந்தது. பிஜு இறங்கினான். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தான், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

ஜனவரி 23

பேஸிலிருந்து பிஜு ரேடியோவில் வந்தான். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறான். சுபேதார் சாப் டீ கொடுத்து, தோளில் கைபோட்டு விஷயத்தைச் சொன்னாராம்.

"எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணா. டீயில பால் கூடின அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டா கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீங்க சொல்லணும். சொல்லாத வரைக்கும் அச்சன் கடையிலதானே இருக்கார். நான் இறங்குற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன்."

அப்புறம் மண்ணெண்ணெய் டின்களை எண்ணப் போனேன். எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

ஜனவரி 31

ஹெலிகாப்டர் சாமான் போட்டது. பாரசூட் துணி நல்ல ஆரஞ்சு நிறம், வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. முனிரத்தினம் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, தூளிக்கு இதைவிட நல்ல துணி கெடைக்காது" என்றான். அவன் மூன்றாவது பிள்ளை இப்படிப்பட்ட துணியில்தான் தூங்கி வளர்ந்ததாம். பாரசூட்டில் தூங்கும் பிள்ளை விமானப் படையில்தான் சேரும், நம் ரெஜிமென்ட்டுக்குத் துரோகம் செய்யாதீர்கள் என்றான் சகாயராஜ்.

ஓரம் மடித்துத் தைக்கத் தொடங்கிவிட்டேன். குளிரில் ஊசி விரலில் ஒட்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 8

பெண். இருவரும் நலம். ரேடியோவில் சுபேதார் சாப் அவரே வந்து சொன்னார்.

முனிரத்தினம் இருந்த முந்திரி, திராட்சை எல்லாவற்றையும் கொட்டி ரவா கேசரி கிளறினான். அடி பிடித்துவிட்டது. சுரண்டித் தின்றோம். மகள் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று எல்லோரும் மேலே விழுந்து பிடுங்கினார்கள். சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை, சகாயராஜ் இந்த டைரியைப் படிக்கிறான் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் சந்தோஷமாக இருக்கிறேன். இப்படி ஒரு வரியை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

அழுகையைக் கேட்டேன்.

தனசேகர் மச்சான்தான் போனைக் குழந்தையிடம் பிடித்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கலை எங்கேயோ கிள்ளியிருக்க வேண்டும், வீல் என்றது. பூனைக்குட்டி கத்துவதுபோல ஆரம்பித்து, போகப்போக எங்கள் டிரில் மாஸ்டர் மாதிரி ஆகிவிட்டது. மற்ற நால்வரும் என் காதோடு தலையை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள். ஐந்து நிமிடமும் அழுகையிலேயே போய்விட்டது. கலையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முனிரத்தினம் தன்னுடைய ஐந்து நிமிடத்தையும் எனக்கே கொடுத்தான்.

"பாவம் பாப்பா, எதுக்குக் கிள்னே?"

"அப்பன் குரல் கேக்கறாரு, எழுந்திரிடின்னு கிள்னேன். காதுல முடி இருக்குதுங்க. உங்கள மாதிரியே."

பிப்ரவரி 12

பெரிய பனிச்சரிவு. கீழே போகும் வழி மூடிவிட்டது. மார்ச் கடைசிவரை யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது என்கிறார்கள். சாமான் போதும்.

பிப்ரவரி 14

சகாயராஜ் ரேடியோவில் வெகுநேரம் இருந்தான். நான் உள்ளே போனதும் ஓவர் சொல்லி வைத்துவிட்டான். என்னடா விஷயம் என்றேன்.

"மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்குன்னு கேட்டாங்கண்ணே" என்றான்.

மண்ணெண்ணெய் கணக்கு என்னிடம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 15

இன்று என் டீயில் டின் பால் இரண்டு ஸ்பூன்.

பிப்ரவரி 16

காவலுக்குப் போனால் ஆந்திராக்காரன் ஒருவன் கூடவே வருகிறான். குளிர் பழக வேண்டுமாம். கயிறு கட்டும்போது முனிரத்தினம் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான், சமையல்காரனுக்கு அங்கே என்ன வேலை. சாயங்காலம் சகாயராஜ் என் ரைபிளைக் கேட்டான். துடைத்துத் தருகிறேன் என்றான். பதினாறு வருடமாக என் ரைபிளை நான்தான் துடைக்கிறேன். கொடுத்தேன்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகச் செய்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நாளை ஞாயிறு.

பிப்ரவரி 17, ஞாயிறு

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யார் எடுப்பார்கள் என்று தெரியாமல் நின்றேன். மச்சான் எடுத்தால் என்ன செய்வது என்று நினைத்தேன்.

கலைதான் எடுத்தாள். கலையே எடுத்தாள். பனிமேலேயே உட்கார்ந்தேன். அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. உன் குரல் கேட்டுச்சு." பிறகு, "பாப்பா?" என்றேன்.

சாட்டிலைட் போனில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எப்போதும் ஒரு இடைவெளி உண்டு. இன்று அது நீளம்.

"தூங்கினு இருக்காங்க. இப்பதான் பால் குடிச்சிட்டு தூங்கினா."

"எழுப்பாத" என்றேன்.

வேறு என்ன பேசினோம் என்று நினைவில்லை. கொஞ்சம் தள்ளி நால்வரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். "பாப்பா தூங்குதாம்" என்று சொன்னேன். முனிரத்தினம் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டான்.

பிப்ரவரி 18

தூளியின் இரண்டாவது ஓரம் தைத்தேன். "குளிர் ஜாஸ்தியா இருக்குது, ஊசி வேலை இப்ப வேணாம் அண்ணா" என்று முனிரத்தினம் துணியை எடுத்துவைக்கப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன். என் மகள் தூளி, நான் தைப்பேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

புயல். போன் இல்லை.

பிப்ரவரி 27

சுபேதார் சாப் ரேடியோவில், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறு எதுவும் கேட்க வேண்டுமா ஏகாம்பரம் என்றார். இரண்டு முறை கேட்டார்.

இல்லை சாப் என்றேன். நால்வரையும் கைகால் விரலோடு கீழே இறக்க வேண்டும். அதற்குள் என்னிடம் எதையும் யாரும் சொல்லக் கூடாது.

மார்ச் 3, ஞாயிறு

"பாப்பா என்ன பண்றா?"

"சிரிக்கிறாங்க. ஃபேனைப் பாத்து சிரிக்கிறா."

"ராத்திரியில அழறாளா? நீ தூங்கறியா?"

"அழவே மாட்டா. அவ்ளோ சமத்து. சத்தமே இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளியா என்றேன். ஆமாங்க, சளிதான் என்றாள். மிளகு ரசம் வைத்துக் குடி என்றேன். சரிங்க என்றாள். உடம்பைப் பார்த்துக்கோ, சாப்பிடு, ராத்திரியில் தனியாகப் படுக்காதே, அண்ணியைப் பக்கத்தில் படுக்கச் சொல் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஐந்து நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்த பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

ஆந்திராக்காரர்களில் ஒருவனுக்குக் கால் கட்டைவிரல் கறுக்கத் தொடங்கியது. என் வயிற்றோடு அவன் காலைச் சேர்த்து வைத்துச் சூடேற்றினேன். விரல் தப்பியது. அவன் என்னென்னவோ தெலுங்கில் சொல்லி அழுதான். விரலுக்காக அழுகிற அழுகையாக அது இல்லை. தட்டிக்கொடுத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

விரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறாளாம். குளிப்பாட்டினால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறாளாம்.

கலைக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் போன் செய்தால், சரிங்க, இல்லீங்க, வெச்சிடட்டுங்களா, இந்த மூன்றும்தான் வரும்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று நான்தான் அதிகம் கேட்டேன். என்ன சட்டை போட்டிருக்கிறாள். மஞ்சளாம். மை வைத்தாயா. கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்திருக்கிறாளாம். யார் ஜாடை. "காது உங்களுது, மீதி எல்லாம் எனுது" என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

தூளி முடிந்தது.

மார்ச் 24, ஞாயிறு

பாப்பா குப்புற விழுந்துவிட்டாளாம். நேற்றுத்தானாம்.

உள்ளே வந்து எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். மூன்று பிள்ளை பெற்ற முனிரத்தினம் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். ஒன்றரை மாதக் குழந்தை குப்புற விழாது என்று அவனுக்குத் தெரியும். கலைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை.

"பட்டாளத்தாரு பொண்ணுண்ணா" என்றான் கடைசியில். "எல்லாம் சீக்கிரந்தான் நடக்கும்."

"ஆமாம்டா" என்றேன்.

மார்ச் 28

மாற்று ஆட்கள் மேலே வந்துவிட்டார்கள். இறங்கிவிட்டோம். நால்வரும் முழுசாக, எல்லா விரல்களோடும்.

பேஸில் சுபேதார் சாப் காத்திருந்தார். தன் கூடாரத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே டீ ஊற்றினார். "ஏகாம்பரம்" என்று தோளில் கைபோட்டார்.

"சாப், நீங்க சொல்லாதீங்க" என்றேன். "என் பெண்டாட்டி சொல்லட்டும்."

அவர் கையை எடுக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். பால் நிறையப் போட்டிருந்தார்.

ஏப்ரல் 3

ரயில். டில்லி தாண்டியதிலிருந்து போனில் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஒரே ஒரு முறைதான் பேசினேன், ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்ல.

பாப்பா என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"தூங்கறாங்க" என்றாள். "வந்துடுங்க."

ஏப்ரல் 5, வெள்ளி

மச்சான் வீட்டு வாசலில் கலை மட்டும் நின்றாள். பெட்டியை வாங்கினாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். மெலிந்து போயிருக்கிறாள். கைகளில் ஒரு வளையல்கூட இல்லை.

"மேல இருக்கறவருக்கு நல்ல சேதி மட்டுந்தான்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள்.

"ஆமா."

"ஒரு நாள் காய்ச்சல். ஒரே நாள்."

வெகுநேரம் கழித்து, பெட்டியைத் திறந்தவள் ஆரஞ்சுத் துணியை வெளியே எடுத்தாள். கயிறு கோக்கும் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். தையலை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

"இது எப்ப தெச்சீங்க?"

"போன மாசம் முடிஞ்சது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ. "உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாரா வாரம் பாப்பா இன்னா பண்றா, இன்னா பண்றான்னு கேட்டீங்க?"

"நீ சொல்லும்போது இருந்தா, கலை."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கெழமையிலருந்து யோசிப்பேங்க" என்றாள். "இந்த வாரம் இன்னா பண்ணுவா, எந்தச் சட்டை போடுவா, எல்லாம் யோசிச்சு வெச்சிக்குவேன். ஞாயித்துக்கெழமை வந்தா பயமா இருக்கும். ஆனா சனிக்கெழமையே எப்படா விடியும்னும் இருக்கும்."

அவளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். அந்தத் துணியைத் தலைக்கு வைத்துக்கொண்டு கலை தூங்கிப்போனாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

போன் பேசும் நேரம். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது, இரண்டு பேரும் சொல்லவில்லை. கலைதான் எழுந்து புடவை மாற்றினாள்.

"பேரு வெக்கணும்" என்றாள்.

தனசேகர் மச்சான் வழிகாட்டினார். பாலாற்றங்கரையில் ஒரு வேலமரத்தடி. அவரும் இன்னொருவரும்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வரக்கூடாது என்று கலையை விடவில்லை. அதனால் அவளுக்கும் இந்த இடம் இன்றுதான் முதல் தடவை. இங்கே என்று காட்டிவிட்டு மச்சான் தள்ளிப்போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஒரு சின்னக் கல்தான் அடையாளம். நான் நினைத்ததைவிடவும் சின்ன இடம்.

படுத்து, மண்ணில் வாயை வைத்துச் சொன்னேன். காது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் கலை. "நானும் கேக்கணும்."

பரேடில் நான் குரல் கொடுத்தால் மைதானத்தின் அடுத்த கோடி வரைக்கும் கேட்கும். இரண்டாவது தடவை சொல்லும்போது எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது தடவை, என் உதட்டைப் பார்த்து அவளும் சேர்ந்து சொன்னாள்.

செந்தாமரை.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். வரிகள் எல்லாம் கோணிக்கொண்டு போகின்றன. டாக்டர் பார்த்தால் உடனே கீழே இறங்கு என்பார். இறங்கித்தான் வந்திருக்கிறேன்.